கன்பார்ம்

கோயமுத்தூர் காலேஜிலிருந்து கடைசி நேரத்தில் சீட்டு வந்தபோது, கங்கையம்மாள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

“அதான் தாம்பரம் காலேஜ்ல சேந்தாச்சே. வூட்டுச் சோறு துன்னுட்டுப் போய்ட்டு வா. அம்மாந்தூரம் இன்னாத்துக்கு?”

மகன் சிட்டிபாபு நிம்மதியாகத் தலையாட்டினான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் தன் மகனைக் கூப்பிடும் குரல் மதில் தாண்டி வந்தது.

“டேய் குப்புராஜு! உனக்கும் கோயமுத்தூர் வெயிட்டிங் லிஸ்ட் கன்பார்ம் ஆயிடுச்சுடா! பெட்டியைக் கட்டு!”

அந்த வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த நாளிலிருந்து கனன்றுகொண்டிருந்த கங்கையம்மாளின் வயிறு, இப்போது பற்றியே எரிந்தது.

“உன்னைவிட மார்க்கு கம்மியா வாங்கினவன் கோயமுத்தூர்ல படிப்பான், நீ இங்க பஸ்ல தொங்கினு கெடப்பியா?”

மறுநாளே தாம்பரம் சீட்டை விடச் சொல்லி, கண்ணைக் கசக்கிய மகனை ரயிலேற்றி அனுப்பினாள்.

அடுத்த வாரம் குப்புராஜ் லட்டோடு வந்து நின்றான்.

“இன்னாடா, நீ கோயமுத்தூர் காலேஜ்ல சேரல?”

“காலேஜா? மாமா பொண்ணு கல்யாணத்துக்குப் போய்ட்டு நேத்துதான் வந்தோம் அத்தை. அன்னிக்கு கன்பார்ம் ஆனது ரயில் டிக்கெட்டு.”

கங்கையம்மாளின் பார்வை லட்டுக்குப் போனது.

“அப்ப லட்டு இன்னாத்துக்கு?”

“தாம்பரம் காலேஜ்லயும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தேன் அத்தை. எவனோ ஒரு புண்ணியவான் சீட்டை வுட்டுட்டுப் போய்ட்டானாம். எனக்கு கன்பார்ம் ஆயிடுச்சு!”