அந்த அரை மணி நேரம்

'இதை இவரிடம் எந்த வாயால் சொல்வது?' என்று யோசித்தபடியே அந்த சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் கம்பெனியின் கணினி அமைப்பு வரைபடத்தை மேஜையில் விரித்தாள்.

எம்.டி. நடுவிலிருந்த கட்டத்தைத் தொட்டார்.

"பழைய சிஸ்டத்துலேருந்து புதுசுக்கு ஆர்டரை மாத்துறது இதுதானேம்மா? பிரமாதம், தப்பே வர்றதில்ல. ஆனா தினமும் ஒரு மணியிலேருந்து ஒண்ணரை வரைக்கும் படுத்துக்குது. அப்பவும் ஓட வச்சிடுங்க."

அவள் அவரைக் கண்ணாடித் தடுப்பருகே அழைத்துப் போனாள். அந்தப் பக்கம் ஓர் அம்மாள் ஒரு திரையைப் பார்த்துப் பார்த்து இன்னொன்றில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பழசும் புதுசும் முகம் குடுத்துப் பேசிக்காது சார். ஆறு மாசமா இவங்கதான் அந்தக் கட்டம்."

எம்.டி. அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்..."

"முடியாது சார்," என்றாள் மெல்ல. "அவங்க சாப்பிடணும்."