சுவரைப் பார்த்து நின்ற வீரன்

தூசு தட்டிய அவசரத்தில் ஞானமூர்த்தி அந்த வாள்வீரன் பொம்மையைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைப் பூட்டிவிட்டார்.

மறுநாள் வீரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலடியில் கிடந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை நச்சரித்தான்.

"வந்தாரா? பார்த்தாரா?"

"வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். வெயில் படாம ஜன்னல் திரையைச் சரிபண்ணினார். நான் நமத்துப் போயிட்டேனான்னுகூடக் கண்ணாடி வழியா உத்துப் பார்த்தார்."

"என்னை?"

"திரையை நல்லா இழுத்து விட்டார்," என்றது பொட்டலம்.

"பேசாம கீழே விழுந்துடட்டுமா?"

"கை உடையும். சும்மா இருடா."

ஞாயிற்றுக்கிழமை ஒரு விருந்தாளி வந்தார். அலமாரியைச் சுற்றிப் பார்த்தவர், "இது மட்டும் ஏங்க திரும்பி நிக்குது?" என்றார்.

வீரனுக்கு உயிர் வந்தது.

ஞானமூர்த்தி ஒரு கணம் விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுவா? வெளிச்சம் பட்டா முகத்துல பெயின்ட் வெளுத்துடும். நான்தான் திருப்பி வெச்சிருக்கேன்."

"அடேயப்பா, என்ன அக்கறை!" என்றார் விருந்தாளி.

அவர் போனதும் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டார், வந்துட்டார்!" என்று துடித்தான் வீரன்.

ஞானமூர்த்தி மற்ற பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.