நாலு இஞ்சு

"ஜீப்ப நாலு இஞ்சு தூக்கணும். டயரும் பெருசா வேணும்," என்றார் கிரகோரி.

"வெள்ளறடை மலைக்குத்தானே அண்ணா? ரெண்டு இஞ்சு போரும். கூட்டினா வளைவுல சாயும்," என்றான் மெக்கானிக் விபின்.

"நாலு வேணும்."

"ஆர்.டி.ஓ. கண்டா பிடிப்பாரு."

"வீடு வரைதான் ஓடும். பொறவு அங்கேயே நிக்கும்."

விபின் ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தான்.

வேலை முடிந்ததும் கிரகோரி ஜீப்பைத் தன் வீட்டு மதிலோரம் நிறுத்தி, சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டு முற்றம் தெரிந்தது.

மகள் டீனா அந்த வீட்டுப் பொன்னப்பன் மகனைக் கட்டிக்கொண்ட அன்று, இனி அவர்கள் படி மிதிப்பதில்லை என்று மாதா மேல் ஆணையிட்டவர் அவர். இன்றுவரை மிதிக்கவில்லை.

முற்றத்தில் கைக்குழந்தையோடு நின்ற டீனா, அவரைப் பார்க்காதது போலவே, குழந்தையை இன்னும் நாலு இஞ்சு தூக்கிப் பிடித்தாள்.