ட்ரயலுக்கு வந்த செட்

"அடிங்க அழகேசன். நான் இப்படி ஓரமா நின்னு பாக்குறேன்" என்றார் ஜெனரல் மேனேஜர் அமிர்தலிங்கம்.

அரியலூர் சிமென்ட் ஆலைக் குடியிருப்பின் கால்பந்து மைதானம். அழகேசனின் காலடியில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து. பக்கத்தில் நீளமான தோல் பை, அதற்குள் இரும்புத் தலை வைத்த கோல்ஃப் மட்டைகள். 'அயர்ன்' என்பார்களாம். அந்த வகையறாவை அவர் டி.வி.யில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

எல்லாம் வாயால் வந்த வினை. அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற ஜி.எம்.முக்கு எது பிடிக்குமோ, அது ஆபீஸ் முழுக்கப் பிடித்துவிடும். முன்பிருந்தவர் பஜனைப் பிரியர். ஸ்டோர்ஸ் ஆபீசர் அழகேசன் அப்போது ஜால்ரா தட்டினார், நிஜ ஜால்ராவே. அதற்கும் முன்பிருந்தவர் ஷட்டில் ஆடுவார். அவருக்காக வாங்கிய மட்டை இன்னும் பரணில் கிடக்கிறது. புதிதாக வந்த அமிர்தலிங்கத்தின் சாமான்களோடு கோல்ஃப் பை இறங்கியதைப் பார்த்த அழகேசன், வரவேற்பு விருந்திலேயே அள்ளிவிட்டார்.

"நமக்கும் கோல்ஃப்னா உசிரு சார். வெளியூர்ல வேலை பாத்தப்ப நல்லாவே ஆடுவேன்."

இந்த ஊரில் எங்கே ஆடிக் காட்டச் சொல்லப்போகிறார் என்ற தைரியம்தான். நேற்று ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ் கடையிலேருந்து ஒரு செட் ட்ரயலுக்கு வந்திருக்கு. நல்லா ஆடத் தெரிஞ்சவங்களுக்குன்னே செஞ்சதாம். காலையில நீங்க அடிச்சுப் பாத்து, வச்சுக்கலாமா திருப்பி அனுப்பிடலாமான்னு சொல்லுங்க."

வீட்டில் மனைவி பரிமளா தலையில் அடித்துக்கொண்டாள். "தெரியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொல்லிட்டு? பொய் சொல்லி லீவு போட்ட சூபர்வைசரப் போன வாரந்தான் சுரங்கத்துக்குத் தூக்கியடிச்சாரு. நானும் அங்க போயி சுண்ணாம்புக்கல்லு எண்ணவா?"

இப்போது வேறு வழியில்லை. ஜி.எம். வருவதற்குள் பையிலிருந்த விளம்பரத் தாளை ஒருமுறை மேய்ந்திருந்தார். அந்தத் தைரியத்தில் ஒன்பதாம் நம்பர் மட்டையை உருவினார். கீழப்பழுவூர் கரும்புக் கொல்லையில் மண்வெட்டி பிடித்த கை. அப்படியே பிடித்து ஓங்கி வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன ஆச்சு?"

"எடையப் பாத்தேன் சார். மொத வீச்சு பந்துல படக்கூடாது."

"ஓஹோ!" என்று ஜி.எம். தலையாட்டினார். அழகேசனுக்கு மூச்சு வந்தது.

அடுத்த வீச்சில் ஒரு கூடை மண் பறந்தது. பந்து இரண்டடி உருண்டு நின்றது.

"இது தரையப் பாக்குறது சார். மண்ணு தெரியாம மட்டையக் குறை சொல்லக்கூடாது பாருங்க."

"கரெக்ட், கரெக்ட். இன்னொரு தடவ, மெதுவா. கைய மறைக்காதீங்க, விரல எப்படி வச்சிருக்கீங்க?" ஜி.எம். பின்பக்கம் சுற்றி வந்து, குனிந்து, போலீஸ்காரர் கைரேகை பார்ப்பதுபோல விரல்களைப் பார்த்தார். சந்தேகம் வந்துவிட்டது, சரியாக மாட்டிக்கொண்டோம் என்று அழகேசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதை வீசினார். டக்கென்று ஒரு சத்தம். பந்து கோல்போஸ்ட்டைத் தாண்டிச் சீமைக்கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது. அவராலேயே நம்ப முடியவில்லை.

"நடுவுல பட்டா கையில ஒண்ணுமே தெரியல சார். நல்ல இரும்பு" என்றார். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

கொஞ்சம் துணிச்சல் வந்து நாலாம் நம்பரை எடுத்தார். அது பந்தின் ஓரத்தில் பட்டு, முழங்கை வரை விண்ணென்று தெறித்தது. வலியை மென்று விழுங்கிக்கொண்டு, விளம்பரத் தாளில் படித்ததை எடுத்துவிட்டார்.

"தலை சின்னது, மேல்விளிம்பு மெல்லிசு. கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்காது சார். கை தேர்ந்தவங்களுக்குத்தான் இந்தச் செட்டு. புதுசா ஆடுறவன் தொடவே கூடாது."

ஜி.எம். முகம் சட்டென்று வாடியது. "தொடவே கூடாதா?"

அந்தக் கேள்வி தன்னைக் குத்துவதற்குத்தான் என்று அழகேசன் நினைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சேர்மன் வர்றார்" என்றார் ஜி.எம். மெல்ல. "அவர் பெரிய ஆட்டக்காரர். இந்த மைதானத்துலயே கொஞ்ச நேரம் அடிக்கலாம்னு சொல்லியிருக்கார்."

அவரோடும் தன்னைத்தான் ஆடச் சொல்லப்போகிறார் என்று அழகேசனுக்குத் தோன்றியது. சேர்மன் எதிரில் மானம் போவதைவிட இங்கேயே போய்விடலாம். சுரங்கமென்றால் சுரங்கம், அங்கேயும் மனிதர்கள்தானே வேலை பார்க்கிறார்கள்?

"சார்... ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது..."

"இருங்க, மொதல்ல நான் சொல்லிடறேன்" என்று ஜி.எம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த வேலைக்கு இன்டர்வியூ போனப்ப, சேர்மனுக்குப் பிடிக்குமேன்னு நானும் கோல்ஃப் ஆடுவேன்னு சொல்லிட்டேன். இந்தப் பையைக்கூட அதுக்கப்புறந்தான் வாங்கினேன். இன்னிய தேதி வரைக்கும் ஒரு பந்து அடிச்சதில்ல. ட்ரயல் அது இதுன்னதெல்லாம் சும்மா. நீங்க அடிக்கிறதப் பாத்துக் கத்துக்கலாம்னுதான் வரச்சொன்னேன். ஆமா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

அழகேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மட்டையை ஜி.எம். கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைங்கன்னு சொல்ல வந்தேன் சார்."