நடுவில் ஒரு நாற்காலி

போச்சம்பள்ளி ஃபேக்டரியின் வெப் சர்வர் இரமின் பொறுப்பு. அதன் பின்னால் ஓடும் ஜாவா சர்வர் தானிஷின் பொறுப்பு. இரண்டையும் இணைத்தால்தான் கேட் பாஸ் வரும், நாலு மணிக்கு லாரி கிளம்பும். பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். ஆனால் இருவரும் நேராகப் பேசவில்லை; எல்லாம் மேனேஜர் வழியாகத்தான்.

"சார், போர்ட் நம்பர் என்னன்னு அவரைக் கேளுங்க," என்றாள் இரம்.

"எட்டாயிரத்து ஒம்போதுன்னு சொல்லுங்க சார்."

"பாஸ்வேர்டு?"

மேனேஜர் சென்னகிருஷ்ணனுக்குப் பொறுமை போயிற்று. "போன வாரம் நீங்க பேசுன பேச்சுல கம்ப்ரெஸர் சத்தமே கேக்கல! இப்ப என்ன சண்டை?"

இரம் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"சண்டையில்ல சார். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு நிச்சயமாச்சு. நிக்காஹ் வரைக்கும் பேசக்கூடாதுன்னு ரெண்டு வீட்லயும் உத்தரவு."

"நிக்காஹுக்கு இன்னும் எத்தனை நாள்?"

"இன்னும் நாப்பது நாளு இருக்குது சார்."

சென்னகிருஷ்ணன் தன் நாற்காலியை இருவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டார்.

"இரும்மா, பாஸ்வேர்டை மாப்பிள்ளைகிட்டக் கேட்டுச் சொல்றேன்."