ஷூவுக்கு பெல்ட் சொன்ன நன்றி

ஒரு பெல்ட் இருந்தது. அதைக் கட்டிக்கொண்ட குணபாலன் வருஷத்துக்கு ஓர் ஓட்டையாகத் தாண்டி, கடைசி ஓட்டைக்கே வந்துவிட்டார். அங்கே தோல் விரிசல் விட ஆரம்பித்திருந்தது. அறுந்தால் பெல்ட்டுக்குக் குப்பைத்தொட்டிதான்.

டாக்டர் நடக்கச் சொன்னார். மனிதர் நடந்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, நேரே எதிர் ஓட்டலில் நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும். நடந்த களைப்பாம்! சம்பளத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டலுக்கு, இன்னொரு பங்கு சர்க்கரை மாத்திரைக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும்.

"ஏய் நாத்தம் பிடிச்சவனே, அவரை அங்கே கூட்டிட்டுப் போகாதே. என் உயிர் போகுது!" என்று பெல்ட் ஷூவிடம் கெஞ்சியது.

"கெஞ்சும்போதும் வாய்க்கொழுப்பைப் பாரு," என்றது ஷூ.

ஆனாலும் மறுநாள் ஓட்டல் வாசலில் ஷூ தன் லேஸைத் தானே அவிழ்த்துவிட்டது. குணபாலன் குனிந்தார். வயிறு விடவில்லை. படியில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"இருங்க சார், நான் கட்டிவிடறேன்."

அவர் அப்பா வயதுள்ள சப்ளையர், வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று குனிந்து கட்டினார். குணபாலனின் முகம் சுண்டிப்போயிற்று. சாப்பிடாமலே வீடு திரும்பினார். அதன்பின் ஓட்டல் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, அவரே குனிந்து லேஸைக் கட்டினார். மூன்றாம் ஓட்டைக்குத் திரும்பியிருந்த பெல்ட், ஷூவுக்கு வெகு பக்கத்தில் வந்தது.

"அண்ணே," என்றது தழுதழுத்து, "உங்க மேலே என்ன ஒரு வாசனை!"