அத்தைக்குப் பக்கத்து இடம்

“ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிட்டு வர முடியாதா உன்னால?”

அக்கா கேட்டே விட்டாள். தலைமையாசிரியை. படகு கிளம்பி நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

எதிர்ப் பலகையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த தம்பி மனைவி சிரித்து மழுப்பினாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

“சரிங்க அண்ணி.”

மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“அத்தை, இடது கரையில பச்சைச் சட்டைக்காரர் ஒருத்தர் வலையை உதறுறார். பக்கத்துல நாலு கொக்கு. ஒண்ணு மட்டும் முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்குது, கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி.”

அம்மா சிரித்தாள்.

“கொக்கை அம்மா பார்க்க மாட்டாங்களா? எல்லாத்தையும் நீ ஒப்பிக்கணுமா?” அக்கா தம்பியிடம் திரும்பினாள். “இவளோட எப்படிடா குடும்பம் நடத்துற?”

“வாரத்துல ரெண்டு நாள்தானேக்கா வீட்டுல இருக்கேன். தப்பிச்சேன்” என்றான் தம்பி. வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவன்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் வந்தது கால்வாயைச் சுற்றிப் பார்க்க அல்ல, அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக. எழுபத்திரண்டு வயதில் அம்மாவுக்கு அமைதி வேண்டும், இந்த வாயாடியிடம் அது கிடைக்காது. இதுதான் அவள் வழக்கு. அம்மாவின் துணிப்பை காலையிலேயே காரில் ஏறிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

“படகுல போயிட்டு வருவோம். சாயங்காலம் சொல்றேன்” என்றிருந்தாள்.

அனுப்பத் தம்பிக்கு மனமில்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை.

மதியச் சாப்பாடு படகிலேயே. ரேடியோ மீனில் முள் எடுத்து எடுத்து அத்தையின் தட்டில் வைத்தாள். தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

“அம்மா என்ன கைக்குழந்தையா?” என்றாள் அக்கா. “நான் இருக்கிறப்போ மட்டும்தான் இந்த உபசாரம். எனக்குத் தெரியாதா?”

ரேடியோவின் முகம் சிறுத்தது.

“விடும்மா, அவ குணம் அப்படி” என்று அக்காவிடம் சொன்னாள் அம்மா.

“பாருங்க, உங்களுக்கே சலிச்சுப் போச்சு.”

சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் ஆனதும் படகோட்டி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

“முகத்துவாரம் வரப் போகுது. கடல் தண்ணி உள்ள தள்ளும், படகு ஆடும். இடம் மாறுறவங்க இப்பவே மாறிக்குங்க. அப்புறம் நான் சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது.”

அக்கா எழுந்து ரேடியோவின் முன்னால் போய் நின்றாள். அம்மா மனம் நோகக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் செய்வதுபோல உதட்டில் ஒரு விரலை வைத்தாள். மறு கையால் எதிர்ப் பலகையைக் காட்டினாள்.

ரேடியோ தலையை ஆட்டி மறுத்தாள். கை எடுத்துக் கும்பிட்டாள். அக்காவின் விரல் இறங்கவில்லை.

அத்தையின் காதருகே குனியப் போனவளை அக்கா தோளைப் பிடித்துத் தடுத்தாள். ரேடியோ கணவனைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான்.

அவள் எழுந்து போனாள். அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் தன் தோளில் பட உட்கார்ந்து எத்தனை வருடம்? கணக்குப் போட்டாள். பத்தொன்பது.

கால்வாய் அகன்றது. கரை விலகியது. வலது பக்கம் முழுக்கக் கடல் திறந்துகொண்டது. படகோட்டி இன்ஜினை நிறுத்தினார்.

யாரும் பேசவில்லை. எதிரே ரேடியோ பாதி எழுந்தாள்.

“உட்காரும்மா!” என்று அதட்டினார் படகோட்டி. உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த அமைதியைத்தானே அம்மாவுக்குக் கொடுக்க நினைத்தாள்!

அம்மாவின் கை பலகையில் மெல்ல நகர்ந்து வந்தது. அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. சரி என்று சொல்லத்தான் போகிறாள். அக்கா கண் கலங்க, சாய்ந்து காதைக் கொடுத்தாள்.

அம்மா கிசுகிசுத்தாள்.

“ஏன் பேச்சை நிறுத்திட்ட? பெரியவ மறுபடியும் முறைச்சாளா? அவளுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா. அவ காதுல விழாம மெதுவாச் சொல்லும்மா... ரெண்டு பக்கமும் சத்தம் கேக்குது. கடல் எந்தப் பக்கம் இருக்கு?”